வாசிப்பதா, ஒப்பிப்பதா, குறிப்போடு பேசுவதா: மேடைக்கு எதைக் கொண்டுசெல்வது?

ஒரு விழாவில் பத்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டவர் முதலில் யோசிப்பது என்ன பேசுவது என்பதைத்தான். மேடைக்கு எதைக் கையில் எடுத்துச்செல்வது என்ற கேள்வி பெரும்பாலும் விழாவன்று காலையில்தான் எழுகிறது. அதற்குள் உரை ஏதோ ஒரு வடிவத்தில் தாளில் இறங்கியிருக்கும். அந்த வடிவமே விடையையும் முடிவுசெய்துவிடும். முழு வாக்கியங்களாக நான்கு பக்கம் எழுதியவர் அவற்றை வாசித்துவிட்டு இறங்குவார். எழுத நேரம் கிடைக்காதவர், மனத்தில் பட்டதைப் பேசுவதாகச் சொல்லித் தொடங்குவார். எப்படிப் பேசப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ப எழுதுவதே சரியான வரிசை. ஏனெனில் வாசிக்க வேண்டிய உரையும் குறிப்பிலிருந்து பேச வேண்டிய உரையும் எழுதும் விதத்திலேயே வேறுபடுகின்றன.

வழிகள் நான்கு: முழுவதையும் எழுதி வாசிப்பது, எழுதியதை மனப்பாடம் செய்து பேசுவது, குறிப்பட்டைகளை வைத்துக்கொண்டு பேசுவது, எதுவுமே இல்லாமல் மேடையேறுவது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுப்படையாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. கேட்க வேண்டியது வேறு: இந்த உரையில் ஒரு சொல்கூட மாறக் கூடாத பகுதி எவ்வளவு? அது உரை முழுவதுமாக இருக்கலாம், இரண்டு வாக்கியங்களாக இருக்கலாம், சில பெயர்களும் ஒரு தொகையுமாக மட்டும் இருக்கலாம். தாளில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்த அளவுதான் முடிவுசெய்ய வேண்டும்.

வாசிப்பதை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தாளைப் பார்த்துப் படிப்பவருக்குப் பேசத் தெரியாது என்பது பரவலான எண்ணம். ஆனால் நிதிநிலை அறிக்கையையோ, சங்கத்தின் தீர்மானத்தையோ, நிறுவனத்தின் சார்பில் வெளியிடும் அறிவிப்பையோ வாசிக்காமல் பேசினால் அது பொறுப்பின்மை. அங்கே ஒரு சொல் தவறினால் பொருளே மாறிவிடும். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவையொட்டி அரசியல் நிர்ணய சபையில் நேரு பேசியபோது அவர் முன்மொழிந்ததில் உறுப்பினர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய உறுதிமொழியும் அடங்கியிருந்தது. பலர் சேர்ந்து ஏற்க வேண்டிய வாசகத்தை அந்த நேரத்து உணர்ச்சிக்கேற்ப மாற்றிச் சொல்ல இயலாது. கெட்டிஸ்பர்க் போர்க்களக் கல்லறையில் 1863 நவம்பர் 19 அன்று லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில் பேசியபோதும் கையில் தாள் இருந்தது. எஞ்சியிருக்கும் முதல் இரண்டு கையெழுத்துப் படிகளில் இல்லாத, கடவுளைக் குறிக்கும் ஒரு சிறு தொடர் அன்றைய செய்தியாளர்களின் பதிவுகளில் காணப்படுகிறது. அதை அவர் மேடையிலேயே சேர்த்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். தாளிலிருந்து பேசுபவரும் கேட்போரை நிமிர்ந்து பார்த்து ஒரு சொல்லைச் சேர்க்கும் இடம் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தமிழில் வாசிப்பதற்கு ஆங்கிலத்தில் இந்த அளவுக்கு இல்லாத ஒரு தடை இருக்கிறது. நாம் எழுதும் தமிழும் பேசும் தமிழும் விலகி நிற்பவை. எழுதும்போது கை தானாக எழுத்து நடைக்குப் போய்விடுகிறது. அதை அப்படியே மேடையில் வாசித்தால் வானொலிச் செய்தியறிக்கை போல ஒலிக்கும். எதிரில் இருப்பவர்கள் செய்தி கேட்கும் மனநிலைக்குப் போய்விடுவார்கள். இது நடையோடு நிற்பதில்லை, வாக்கிய அமைப்பிலும் உண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பெயருக்கு முன்னால் எத்தனை எச்சங்களை வேண்டுமானாலும் அடுக்கலாம். பணி ஓய்வு பாராட்டு விழாக்களில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது: "கடந்த முப்பது ஆண்டுகளாக இப்பள்ளியின் வளர்ச்சிக்காகத் தன்னலம் கருதாது உழைத்து, எண்ணற்ற மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்றி, சக ஆசிரியர்களுக்கு முன்மாதிரியாகத் திகழ்ந்து, இன்று பணி நிறைவு பெறும் நம் தலைமை ஆசிரியர் அவர்களை வாழ்த்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்." தாளில் இதைப் படிக்கும் கண் முன்னும் பின்னும் போய்ப் பொருளைத் திரட்டிக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. யாரைப் பற்றிய பேச்சு என்பது தெரிவதற்கே இருபது சொற்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பின்வரிசையில் இருப்பவர் கைப்பேசியை எடுத்துவிடுவார். அதே செய்தியை, "நம் தலைமை ஆசிரியர் இன்று ஓய்வு பெறுகிறார். முப்பது ஆண்டுகள் இந்தப் பள்ளியில் இருந்திருக்கிறார். அவரிடம் படித்தவர்கள் இந்த அரங்கிலேயே ஐம்பது பேர் இருப்பார்கள்" என்று உடைத்துச் சொன்னால் ஒவ்வொரு வாக்கியமும் சொன்ன கணத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதற்காகக் கொச்சையாக எழுத வேண்டும் என்பதில்லை. பெரியார் பேச்சு வழக்கிலேயே மணிக்கணக்கில் பேசினார். அண்ணா எதுகை மோனையோடு அடுக்குத் தமிழில் பேசினார். இரண்டும் எட்டாத தொலைவில் நிற்கும் நடைகள். இரண்டையுமே திறந்தவெளிக் கூட்டங்கள் நள்ளிரவு வரை அமர்ந்து கேட்டன. அண்ணாவின் நடையில் இலக்கியச் சொற்கள் மிகுந்திருந்தாலும் தொடர்கள் காதுக்காகவே அமைந்தவை: சிறு சிறு கூறுகளாக வரும், ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும், அடுத்த தொடர் எங்கே முடியும் என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே உணர்ந்துவிடுவார். ஆகவே வாசிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் வாயால் சொல்லிப் பார்த்து, பிறகு சொன்னதை எழுத வேண்டும். தாளிலும் பத்தி பத்தியாக அடிக்காமல், மூச்சு விடும் இடத்தில் வரியை முறித்து, செய்யுள் போல அடுக்கிக்கொள்ளலாம். சர்ச்சிலின் உரைத் தாள்கள் இப்படித்தான் இருந்தன. விவிலியத்தின் சங்கீதப் பாடல்கள் அச்சாகும் விதத்தை ஒத்திருந்ததால், சங்கீத வடிவம் என்று அவர் அலுவலகத்தில் அதற்குப் பெயர்.

டெலிப்ராம்ப்டர் நம்மில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாத கருவி. பேச்சாளரின் இருபுறமும் நிற்கும் கண்ணாடித் தகடுகளில் உரை ஓடுவதால் அவர் அவையைப் பார்த்துப் பேசுவது போன்ற தோற்றம் கிடைக்கிறது. வாசிக்கும் உரையின் மற்ற குறைகள் அப்படியேதான் இருக்கும். 1993 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டமர்வில் மருத்துவக் காப்பீடு பற்றிப் பேச எழுந்த அதிபர் கிளின்டன் முன்னால் ஓடியது அவருடைய பழைய உரை ஒன்று. சரியான உரை ஏற்றப்படும் வரை சில நிமிடங்களை அவர் தம் நினைவிலிருந்தே பேசிச் சமாளித்தார். பொருள் அவருக்கு அத்துப்படி என்பதால் அது முடிந்தது. கைப்பேசித் திரையைப் பார்த்து வாசிப்பது இதன் ஏழை வடிவம். நடுவில் அழைப்பு வரும், திரை அணையும், விரல் பட்டு இரண்டு பத்தி தாண்டிப்போகும். வேறு வழியே இல்லை என்றால் தவிர, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மனப்பாடம் செய்து பேசுவதைப் பற்றி நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தெரியும். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பேச்சுப் போட்டி பெரும்பாலும் ஒப்புவித்தல் போட்டிதான்: ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தருவதைக் குழந்தை உருப்போட்டு, கை அசைவுகள் உட்பட ஒப்பிக்கும். சிறு வயதில் இதனால் நன்மை உண்டு; நல்ல தொடர்கள் நாக்கில் பழகுகின்றன, மேடைக் கூச்சம் விலகுகிறது. சிக்கல் என்னவென்றால், பேச்சு என்றாலே இதுதான் என்ற எண்ணத்தோடு அந்தக் குழந்தை வளர்கிறது. நாற்பது வயதில் அலுவலக விழாவில் பேச அழைக்கும்போதும் எழுதி உருப்போடவே முயல்கிறார். பள்ளி நாள்களில் இருந்த நேரமும் நினைவும் இப்போது இல்லை.

மனப்பாடத்தின் உச்சம் எது, அதற்கு என்ன செலவாகும் என்பதைக் கெட்டிஸ்பர்க்கிலேயே பார்க்கலாம். லிங்கனுக்கு முன்னால் பேசிய எட்வர்ட் எவரெட்தான் அன்றைய முதன்மைப் பேச்சாளர். முதலில் அக்டோபர் 23 என்று குறித்திருந்த விழாவையே அவர் தயாரித்துக்கொள்ள நேரம் கேட்டதால் நவம்பருக்குத் தள்ளினார்கள். பதின்மூன்றாயிரம் சொற்களுக்கு மேற்பட்ட உரையை இரண்டு மணி நேரம் நினைவிலிருந்தே நிகழ்த்தினார், தடுமாறவில்லை. மறுநாள் லிங்கனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் இரண்டு மணி நேரத்தில் தொட்ட மையக் கருத்தை லிங்கன் இரண்டு நிமிடத்தில் தொட்டதை அவரே பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். விழாவையே தள்ளிவைக்கச் செய்யும் வசதி நமக்குக் கிடையாது.

தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1904 ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் மக்களவையில் தொழிற்சங்கங்கள் தொடர்பான மசோதா மீது பேசிக்கொண்டிருந்த இளம் உறுப்பினர் சர்ச்சில், முக்கால் மணி நேரம் போல நன்றாகப் பேசிய பிறகு ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டார். அடுத்த தொடர் வரவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, தம்மைக் கேட்டதற்காக அவைக்கு நன்றி சொல்லி அமர்ந்தார். உரைகளை அதுவரை மனப்பாடம் செய்துவந்தவர், அதன் பின் முழுக் குறிப்புத் தாள்கள் இல்லாமல் எழுந்ததில்லை. மனப்பாடம் சங்கிலி போன்றது. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததை இழுத்துவருகிறது, ஒரு கண்ணி விட்டால் மிச்சம் முழுவதும் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது. விஷயம் நன்றாகத் தெரிந்தவரும் அந்தக் கணத்தில் விஷயத்தை நினைப்பதில்லை, விட்டுப்போன சொல்லைத்தான் நினைத்துக்கொண்டு நிற்பார். பெரியவர்களுக்கு நான்கு வழிகளில் மிக மோசமானது இதுதான் என்பதே என் முடிவு. தொடக்க வாக்கியம் இரண்டு, முடிவு வாக்கியம் ஒன்று, மேற்கோள் காட்டும் செய்யுள் ஏதேனும் இருந்தால் அது: இவற்றுக்கு மேல் உருப்போடத் தேவையில்லை.

இனி, எதுவுமே இல்லாமல் பேசுவது. இதற்கு ஆதரவாக எப்போதும் காட்டப்படும் உரைகள் இரண்டு. 1948 ஜனவரி 30 மாலை காந்தியடிகள் கொல்லப்பட்ட சில மணி நேரத்தில் நேரு அகில இந்திய வானொலியில் எழுதிய உரை ஏதுமின்றிப் பேசினார். நம் வாழ்விலிருந்து ஒளி அகன்றுவிட்டது என்ற பொருளில் தொடங்கியவர், சற்று நேரம் கழித்து, ஒளி அகன்றுவிட்டது என்று தாம் சொன்னது தவறு, அது சாதாரண ஒளியன்று எனத் தம்மையே திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தம்தான் உரையின் உயிர். எழுதி வைத்திருந்தால் முதல் வாக்கியத்தையே அடித்துவிட்டு இரண்டாவதை எழுதியிருப்பார். துயரத்திலிருந்து உறுதிக்கு ஒரு மனம் நகர்வதை நாடு கேட்டிருக்காது.

மற்றொன்று, 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரை. நேரக் கட்டுப்பாடு இருந்ததாலும் ஏற்பாட்டாளர்கள் பலரின் நிலைப்பாடுகளைச் சமன்செய்ய வேண்டியிருந்ததாலும் அவர் எழுதிய உரையோடு வந்திருந்தார். உதவியாளர்கள் வரைவில் பங்களித்திருந்தார்கள். பெரும்பகுதியை அதிலிருந்தே வாசித்தார். முடிவை நெருங்கும்போது, அருகில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுமாறு குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டுவிட்டார். எனக்கு ஒரு கனவு உண்டு என்று திரும்பத் திரும்ப வரும், உலகம் இன்று நினைவில் வைத்திருக்கும் கனவுப் பகுதி அந்தத் தாளில் இல்லவே இல்லை.

தயாரிப்பே வேண்டாம் என்பவர்கள் இதை மேற்கோள் காட்டி, இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கனவை கிங் அங்கே நின்றபோது புதிதாகக் காணவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். அதற்கும் முன்னால் வேறு ஊர்களில் பேசியிருந்தார். பழகிப்போன பகுதி என்பதால் வாஷிங்டனில் அதைத் தவிர்க்குமாறு அவருடைய வட்டத்திலேயே ஒருவர் ஆலோசனையும் சொல்லியிருந்தார். பல அவைகளில் சொல்லிச் சொல்லி மெருகேறிய ஒரு முழுப் பகுதி அவரிடம் ஆயத்தமாக இருந்தது; எப்போது எடுப்பது என்பது மட்டும்தான் அந்தக் கணத்தின் முடிவு. நேருவும் முப்பது ஆண்டுகளாகக் கூட்டங்களில் பேசிவந்தவர். ஆண்டுக்கு ஒரு முறை மேடையேறுபவர் இவர்களை முன்மாதிரியாகக் கொண்டு வெறுங்கையோடு போனால், முதல் இரண்டு நிமிடத்தில் சரக்கு தீர்ந்து, மீதி எட்டு நிமிடம் சொன்னதையே சுற்றிவர நேரும். விழா அமைப்பாளர் துண்டுச் சீட்டு அனுப்பும் பேச்சாளர்களில் பலர் இந்த வகையினர். அதிகம் தயாரித்தவர்களைவிட, எங்கே முடிப்பது என்று தெரியாமல் வந்தவர்களே நேரத்தை மீறுகிறார்கள்.

மீதமுள்ள வழி குறிப்பட்டை. நம் ஊரில் இதற்குப் பழைய மரபே இருக்கிறது, அந்தப் பெயரில் இல்லாவிட்டாலும். 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் கிருபானந்த வாரியார் ஊர் ஊராகச் சொற்பொழிவு நிகழ்த்தினார். இந்தச் சமயச் சொற்பொழிவு மரபில் பாடல்கள் அச்சுப் பிசகாமல் மனப்பாடமாக இருக்கும். பாடலுக்கும் பாடலுக்கும் இடைப்பட்ட விளக்கமும் கதையும் நகைச்சுவையும் அன்றைய அவையைப் பார்த்து அமையும். முன்வரிசையில் சிறுவர்கள் இருந்தால் அவர்களிடம் கேள்வி கேட்டுப் பரிசு கொடுத்துவிட்டு வாரியார் மீண்டும் கதைக்கு வருவார். அடுத்த பாடல் காத்துக்கொண்டிருப்பதால் வழி தவறாது. மாறாத துண்டுகளை உறுதியாக வைத்துக்கொண்டு, நடுவில் இருப்பதைச் சுதந்திரமாகப் பேசுவது என்பதுதான் இதன் கட்டமைப்பு. கிங் வாஷிங்டனில் செய்ததும் அடிப்படையில் இதுவே. நமக்குப் பாடல்களின் இடத்தில் அட்டையில் உள்ள தலைப்புகள் நிற்கும்.

அட்டையை நேரடியாகத் தயாரிப்பதுதான் பலரும் செய்யும் பிழை. முதலில் உரையை முழுவதுமாக ஒரு முறை எழுத வேண்டும். என்ன சொல்கிறோம், எந்த வரிசையில் சொல்கிறோம், எங்கே ஆதாரம் இல்லாமல் ஓடுகிறோம் என்பதெல்லாம் எழுதும்போதுதான் தெரியவரும். பிறகு அந்தத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, நினைவில் நின்றதை மட்டும் உள்ளங்கை அளவுள்ள தடித்த அட்டைகளில், ஒரு பக்கத்தில் மட்டும், பெரிய எழுத்தில் குறித்துக்கொள்ளலாம். முழு வாக்கியம் எழுதினால் கண் அதை வாசிக்கத் தொடங்கிவிடும். ஆகவே தலைச்சொல், பெயர், ஆண்டு, தொகை, அடுத்த பகுதிக்குத் தாவும் தொடர் ஆகியவை போதும். பத்து நிமிட உரைக்கு மூன்று, நான்கு அட்டைகள். மூலையில் எண் போட்டு நூலால் கோத்துவிட்டால் கீழே விழுந்தாலும் வரிசை கலையாது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன் 1950களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சார்பில் ஆலை ஆலையாகப் பேசிய காலத்தில் பழகிக்கொண்ட முறை இத்தகையதே. சொற்களைத் தமக்கே உரிய விதத்தில் சுருக்கி அட்டைகளில் எழுதுவார்.

பயிற்சியும் வேறு விதமானது. மனப்பாடம் செய்பவர் ஒவ்வொரு முறையும் அதே சொற்களைச் சொல்ல முயல்வார். அட்டையோடு பழகுபவர் வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் சொல்லிப் பார்க்க வேண்டும். நான்கைந்து முறை இப்படிச் சொன்னால் வரிசை மனத்தில் பதியும், சொற்கள் தளர்வாக இருக்கும். ஒரு தொடர் வராமல் போனால் வேறொன்று வரும். நின்றுபோக வாய்ப்புக் குறைவு. நேரக் கணக்கையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஆங்கிலக் கையேடுகள் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் என்று கணக்குச் சொல்லும். வேற்றுமை உருபுகளையும் விகுதிகளையும் ஒட்டிக்கொண்டு நீளும் தமிழ்ச் சொற்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்ப்பதே வழி. மேடையில் இருப்போரை விளிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேரைப் பட்டத்தோடும் பதவியோடும் விளித்து முடிப்பதற்குள் சிறிய உரையின் கணிசமான பகுதி போய்விடுகிறது. என் விருப்பம், அவைத் தலைவரை மட்டும் பெயர் சொல்லிவிட்டு மற்றவர்களுக்குப் பொதுவாக வணக்கம் சொல்வது. இதனால் ஓரிருவர் மனம் வருந்தக்கூடும் என்ற ஊர்களில் இது செல்லாது என்பதும் உண்மைதான்.

ஆகவே பெரும்பாலான மேடைகளுக்கு அட்டை. விதிவிலக்குகள் எளிதில் இனங்காணக்கூடியவை. நன்றியுரை வாசிக்கப்பட வேண்டியது, ஏனெனில் அது கிட்டத்தட்ட முழுவதும் பெயர்கள். ஒரு பெயர் விடுபட்டால் விழா முடிந்த பிறகும் அது பேசப்படும். வரவேற்புரையில் விருந்தினர் பற்றிய விவரங்களுக்கு மட்டும் தாள் வேண்டும். இரங்கல் கூட்டத்தில், இறந்தவர் நெருங்கியவர் என்றால் அரைப் பக்கம் முழுதாக எழுதி எடுத்துச்செல்வது நல்லது. குரல் உடையும்போது அட்டையில் இருக்கும் ஒற்றைச் சொல் துணைக்கு வராது, எழுதிய வாக்கியம் வரும். பட்டிமன்றத்தில் எதிரணி பேசியதற்கு மறுப்பு சொல்ல வேண்டியிருப்பதால் முதல் அட்டையைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும். விருது பெற்றவரின் ஏற்புரை இரண்டு நிமிடத்துக்குள் அடங்குமானால் எதுவும் வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர் உடன் நிற்கும் மேடை தனி வகை. அங்கே பேச்சாளருக்கு எது வசதி என்பது இரண்டாம்பட்சம். அட்டையிலிருந்து மனம்போன வரிசையில் பேசுபவர் ஒரு பழமொழியையோ சொல் விளையாட்டையோ போகிற போக்கில் எடுத்துவிடும்போது அருகில் நிற்பவர் திணறிப்போவார். நீண்ட வாக்கியத்தின் வினைமுற்று வரும் வரை அவரால் தொடங்கவும் முடியாது. முழு உரையையும் முந்தைய நாளே அவருக்குக் கொடுத்து, எந்த இடங்களில் நிறுத்துவது என்பதை இருவரும் சேர்ந்து குறித்துக்கொண்டு, அதே தாளிலிருந்து வாசிப்பதே அங்கே முறை. பேசும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், எழுதியதில் பாதியை முன்கூட்டியே வெட்டிவிடவும் வேண்டும்.